நாக்கு பொய் சொல்லாது

என் கருவிக்கு நான் வைத்த பெயர் அரசாணையில் மட்டும்தான் இருக்கிறது. இரண்டு வரி நீளம். முழுசாகச் சொன்னால் எனக்கே மூச்சு வாங்கும். ஜனங்கள் அதற்கு நாக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பார்ப்பதற்கு அது ஒரு டீஸ்பூன். நுனியில் மிளகு அளவில் மூன்று கரிப் புள்ளிகள், கைப்பிடியில் ஒரு சின்னத் திரை. மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து இந்தக் கரண்டியால் நாற்பது விநாடி கலக்கினால், உள்ளே எத்தனை மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று திரையில் எண் வரும். அதே எண் சென்னையில் இருக்கும் மருந்து வாரியத்துக்கும் போய்விடும்.

இன்றைக்கு நாக்கைத் திட்டுகிறவர்கள் சுண்ணாம்பு மாத்திரைக் காலத்தை மறந்துவிட்டார்கள். வலிப்புக்கும் இதயத்துக்கும் சுண்ணாம்பையும் மாவையும் உருட்டி, வெள்ளித்தாள் ஒட்டி விற்ற காலம் அது. காரைக்குடியில் என்னோடு மின்வேதியியல் படித்த ஒருவன் மூன்று வருஷம் ரத்த அழுத்த மாத்திரை என்று நினைத்து மாவை விழுங்கி, முப்பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தான். அந்தக் கோபத்தில்தான் இந்தக் கரண்டியைச் செய்தேன். அளந்த மருந்துச் சட்டம் வந்தது, வீட்டுக்கு ஒரு நாக்கு வந்தது, மாத்திரைகள் எல்லாம் கரையும் மாத்திரைகள் ஆயின. ஆறே மாதத்தில் சுண்ணாம்பு ஒழிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் அந்தப் பகுதிக்காக வெட்கப்பட மாட்டேன்.

வெட்கப்பட வேண்டியது சட்டத்தின் பதினேழாம் பிரிவுக்கு. நாக்கு முழு அளவு காட்டியும் நோயாளி மூன்று மாதம் தொடர்ந்து மோசமாகிக்கொண்டே போனால், கவனித்துக்கொள்கிறவர் மருந்தை அளந்துவிட்டுக் கொடுக்காமல் இருக்கிறார் என்று பொருள். அப்படிச் செய்தவர்கள் இல்லாமல் இல்லை. மருந்து கிடைக்காத காலத்தில் அளந்த கரைசலை பாட்டிலில் ஊற்றி வெளியே விற்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே விசாரணை நடக்கும். குற்றம் உறுதியானால் நோயாளியை அரசுக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வீட்டார் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்.

அந்த விசாரணைகளில் கருவியைச் சோதித்துச் சாட்சி சொல்வது என் வேலை. நாற்பத்துமூன்று முறை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு சாட்சியையும் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பேன்: "நாக்கு பொய் சொல்லாது." நடுவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான்.

அந்த நாற்பத்துமூன்றில் சேராத ஒரு வழக்கு உண்டு. என் அக்கா மரகதத்தின் வழக்கு. தேவகோட்டையில் அத்தானுக்குப் பார்க்கின்சன் நோய், அதாவது நடுக்குவாதம். நன்றாக நடந்துகொண்டிருந்தவர் ஒரே வருஷத்தில் நாற்காலியோடு நாற்காலியாகிப் போனார். நாக்கு தினமும் முழு அளவான நூறு மில்லிகிராமைக் காட்டியது. பதினேழாம் பிரிவு அக்கா வீட்டுக் கதவைத் தட்டியது. உறவுக்காரன் சாட்சி சொல்லக்கூடாது என்பது விதி. எனக்கு உள்ளூர நிம்மதி. விசாரணைக்கு முதல் நாள் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, மாத்திரைன்னா அவுகளுக்கு உசுரு. குடிச்சு முடிச்சுட்டு டம்ளரு அடிய வெரலால வழிச்சு நக்குறாக. சின்னப்புள்ள கணக்கா இன்னொண்ணு குடுன்னு கேக்குறாக. நானா குடுக்காம இருப்பேன்? நீ அந்த ஆபீசருகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

மருந்து கிடைக்காமல் காயப்போட்டால்தான் ஒரு மனுஷன் டம்ளரை வழித்து நக்குவான் என்று நான் நினைத்தேன். என் கூடப் பிறந்தவளைப் பற்றி அப்படித்தான் நினைத்தேன். வாயால் சொன்னது வேறு.

"நாக்கு பொய் சொல்லாதுக்கா."

"சரிப்பா" என்று அவள் போனை வைத்துவிட்டாள். அத்தான் சிவகங்கைக் காப்பகத்தில் நான்காம் மாதம் இறந்துபோனார். காப்பகத்துக்குப் போனவர்கள் யாருமே தேறவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "தாமதமாகக் கொண்டுவரப்பட்டதால் சேதம் மீளவில்லை" என்று அச்சடித்த படிவம் வைத்திருந்தோம். சாவுக்குப் போனேன். அக்கா என்னிடம் பேசவில்லை. அதோடு இரண்டு வருஷம் ஆயிற்று.

இந்த நிலையில்தான் குன்னூர் வழக்கு வந்தது.

நோயாளி ஆல்பர்ட் இன்பராஜ், வயது எழுபத்தொன்று, அத்தானுக்கு இருந்த அதே நடுக்குவாதம். கவனித்துக்கொள்பவர் அவர் மனைவி ரெஜினா, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிம்ஸ் பூங்காவுக்கு மேலே ஒரு சரிவில் தகரக் கூரை போட்ட வீடு. விசாரணைக்கு முதல் நாள் காலையில் கருவியைச் சோதிக்க நான் போனேன். ரெஜினா கதவைத் திறந்து, என் பெட்டியைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்குத்தானே சார்? அங்கேயிருந்தே இவரைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களா, இல்ல வீட்டுக்கு வந்து துணிமணி எடுத்துக்க விடுவாங்களா?"

அதெல்லாம் நடுவர் முடிவு என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனார். கட்டிலின் மேல் மடித்த இரண்டு பனியன், ஒரு ஸ்வெட்டர், ஒரு பைபிள் இருந்தன. எடுத்துவைத்தே விட்டார் போலிருக்கிறது.

இன்பராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வலது கை தொடையின் மேல் ஓயாமல் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் அசைவே இல்லை. கண்கள் மட்டும் என் பெட்டியைப் பின்தொடர்ந்தன.

பெட்டியில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான என் தரமாதிரி மாத்திரைகள் இருந்தன. எந்தச் சந்தேகமும் வரக்கூடாது என்று, அவற்றுக்கான மருந்தைப் பூனைக்காலி விதையிலிருந்து எங்கள் கூடத்திலேயே பிரித்தெடுக்கிறோம். லெவோடோபா என்கிற இந்த மருந்தை அந்தக் கொடி தானாகவே செய்து வைத்திருக்கிறது. ஒன்றைக் கரைத்து அவர்கள் வீட்டு நாக்கால் கலக்கினேன். நூறு. அவர்களுடைய மாத்திரையைக் கரைத்துக் கலக்கினேன். அதுவும் நூறு. கருவியில் கோளாறு இல்லை.

"இந்தக் கரண்டி எப்படி சார் கண்டுபிடிக்குது?" என்று ரெஜினா கேட்டார். விரோதமாகக் கேட்கவில்லை. தன்னை மாட்டிவிட்டது எது என்று தெரிந்துகொள்ள விரும்பினார்.

"கரண்டி நுனியில கொஞ்சம் கொஞ்சமா மின்சாரத்தை ஏத்துவோம்மா. ஒவ்வொரு மருந்தும் ஒரு குறிப்பிட்ட இடம் வந்ததும் தன்கிட்ட இருக்கற எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும். எந்த இடத்துல கொடுக்குதுன்னு பாத்தா என்ன மருந்துன்னு தெரியும். எவ்வளவு கொடுக்குதுன்னு பாத்தா எத்தனை மில்லிகிராம்னு தெரியும். அவ்வளவுதான்."

"அது டம்ளருக்குள்ள இருக்கறது. நான் கொடுத்தது, இவர் குடிச்சது, அதை எதால அளப்பீங்க?"

நான் பெட்டியை மூடினேன். ரெஜினா டம்ளரைக் கணவரின் உதட்டில் வைத்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. இன்பராஜ் முதல் வாயை உர்ரென்று பலமாக உறிஞ்சினார். வாய்க்குள் சுழற்றினார். குனிந்து பக்கத்திலிருந்த எவர்சில்வர் பேசினில் துப்பினார். பிறகு மிச்சத்தை அமைதியாகக் குடித்தார்.

எனக்கு வெளிச்சம் போட்டது போலிருந்தது. "அம்மா, இவர் துப்பறாரே."

"அது முதல் வாய் மட்டும் சார்." ரெஜினாவின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "டீ ஏலக் கம்பெனியில டேஸ்டரா இருந்தார், முப்பத்தாறு வருஷம். ஒரு நாளைக்கு முந்நூறு கப். உறிஞ்சணும், துப்பணும், மார்க் போடணும். அதுல எது குடிச்சாலும் முதல் வாயைத் துப்பற பழக்கம் வந்துடுச்சு. காப்பி, கஞ்சி, எதுன்னாலும். சர்ச்சுல திராட்சை ரசத்தையே துப்பிட்டார். ஃபாதர் ஒரு மாசம் எங்ககூடப் பேசலை."

பேசினில் இருந்ததை அளந்தேன். எட்டு மில்லி. டம்ளரில் இருந்தது நூறு மில்லி. ஒரு மனிதன் இப்படி முடங்கிப்போக எட்டு மில்லி போதாது. ஆனால் படிவத்தில் எழுதப் போதும். அந்த அம்மாளின் மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் இரக்கத்தின் லட்சணம் என்ன என்று தெரியவேண்டும்.

"நோயாளி மருந்தைத் துப்புகிறார்னு நான் எழுதிடறேன். உங்க மேல தப்பு வராது. இவர் உங்ககூடவே இருக்கலாம். வயித்துல ஒரு குழாய் மட்டும் வைப்பாங்க, மருந்து நேரா உள்ள போறதுக்கு."

"எட்டு மில்லிக்கு வயித்துல ஓட்டை போடுவீங்களா சார்?"

"இல்லைன்னா நாளைக்குக் காப்பகம்மா."

அவர் வெகுநேரம் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி, திரும்ப அதே இடத்தில் வைத்தார். "நடந்ததை எழுதுங்க. நான் தப்பிக்கறதுக்கு இவர் மேல பழி போட முடியாது."

அப்போது இன்பராஜ் பேசினார். குரல் மெல்லியது, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது.

"இனிக்குது."

"ரெண்டு வருஷமா இதைத்தான் சொல்றார்" என்றார் ரெஜினா. "வர்ற ஆபீசர் எல்லார்கிட்டயும் சொல்றார். யாரும் எழுதிக்க மாட்டேங்கறாங்க."

"முன்னால... கசப்பு. வால்ல... இனிப்பு" என்றார் இன்பராஜ். "ப்ளெண்ட் சார்... இது. ஒரே தோட்டத்து இலை... இல்ல. பாதிக்குப் பாதி."

"அவருக்கு வாசனை தெரியுமா?" என்று ரெஜினாவைக் கேட்டேன்.

"மூக்கு போய்ப் பதினஞ்சு வருஷம் ஆச்சு. இந்த நோய் முதல்ல மூக்கைத்தான் தின்னுச்சு. கம்பெனிக்குச் சொல்லாம வெறும் நாக்கை வெச்சே நாலு வருஷம் ஓட்டினார். அப்புறம் அவங்களே ஒரு மெஷின் வாங்கிட்டாங்க. உங்களுது மாதிரிதான்."

'சுவை மயக்கம், நோயின் விளைவு' என்று எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

லாட்ஜுக்கு இறங்கும் பாதை வளைந்து வளைந்து போகும். நடந்துகொண்டே அந்த இனிப்பை என் மனதிலிருந்து தள்ளப் பார்த்தேன். மாத்திரையில் சர்க்கரை இருக்க வழியே இல்லை. ஆரஞ்சுச் சுவைக்குப் போடும் வைட்டமின் சி கிட்டத்தட்ட மருந்து கொடுக்கும் இடத்திலேயே எலக்ட்ரானைக் கொடுத்துக் கரண்டியைக் குழப்பும். சுவைக்கு என்று ஒன்றை அனுமதித்தால் இன்னொன்று பின்னாலேயே வரும் என்று, இனிப்பு, புளிப்பு, வாசனை எதையும் சேர்க்கக்கூடாது என விதி எழுதியவனே நான்தான். தொழிற்சாலைகள் அந்த விதியை மீறவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் அந்த மாத்திரையில் இருப்பது மருந்தும் கரைவதற்கான பொடியும்தான். பொடிக்குச் சுவை கிடையாது. மருந்து கசக்கும்.

பாதிக்குப் பாதி என்றாரே.

நான் நின்றுவிட்டேன். இரண்டாம் வருஷ ஆய்வுக்கூடம் ஞாபகம் வந்தது. எங்கள் பேராசிரியை இரண்டு சீசாவிலிருந்து பொடி எடுத்து எங்கள் உள்ளங்கையில் வைத்தார். ஒரே பெயர், ஒரே அணுக்கள், ஒரே எடை. ஒன்று கசந்தது, மற்றது இனித்தது. கண்ணாடிக்கு முன்னால் நிற்பவனும் கண்ணாடிக்குள் தெரிகிறவனும் மாதிரி, இடம் வலம் மாறிய இரண்டு உருவங்கள். உடம்பு ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். எலக்ட்ரானைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. ஒரே இடத்தில், ஒரே அளவில் விட்டுக்கொடுக்கும்.

மருந்தைத் தொழிற்சாலையில் செய்யும்போது இரண்டும் பாதிக்குப் பாதிதான் பிறக்கும். அதைப் பிரிப்பதுதான் கஷ்டமான வேலை. பிரித்தார்களா என்று பார்க்க முன்பெல்லாம் மாவட்டத்துக்கு ஒரு பரிசோதனைக் கூடம் இருந்தது. ஒளிக்குழாய் என்று ஒரு பழைய கருவி, மருந்துக்குள் வெளிச்சத்தை விட்டால் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்டும். வீட்டுக்கு வீடு நாக்கு வந்தபிறகு அந்தக் கூடங்கள் எதற்கு என்று மூடினார்கள். மூடலாம் என்ற பரிந்துரையில் என் கையெழுத்தும் இருக்கிறது. நாக்கில் நூறு வந்தால் போதும் என்றபின் எவன் மெனக்கெட்டுப் பிரிப்பான்?

வழியில் இருந்த பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தேன். தேயிலைச் சரிவில் யாரோ கூடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அக்காவின் குரல் கேட்டது. டம்ளரு அடிய வெரலால வழிச்சு நக்குறாக. சின்னப்புள்ள கணக்கா இன்னொண்ணு கேக்குறாக.

அத்தானுக்கு இனிப்பு என்றால் உயிர். கல்யாண வீடுகளில் என் இலையிலிருக்கும் ஜாங்கிரியையும் எடுத்துக்கொள்வார். மருந்து இனித்ததால் வழித்திருக்கிறார். மருந்து பாதிதான் இருந்ததால் முடங்கியிருக்கிறார். இரண்டையும் அக்கா என்னிடம் சொன்னாள். நான் அதை வைத்தே அவளைக் குற்றவாளியாக்கினேன். பாலத்தின் மேல் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

அழுது முடித்தபின், சொல்லாமலே இருந்துவிடலாமா என்றும் ஒரு மணி நேரம் யோசித்தேன். சொன்னால் நாற்பத்துமூன்று குடும்பத்துக்கு நான் பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இந்த ஒரு ரெஜினா. இப்படியெல்லாம் மனசு போடும் கணக்கை யாரும் வெளியே சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

மறுநாள் காலை விசாரணை. நகராட்சிக் கூடத்தில் நடுவர் தமயந்தி உட்கார்ந்திருந்தார். கண்டிப்பானவர். எனக்கு அவரிடம் நல்ல பெயர். ரெஜினா கணவரின் பக்கத்தில், துணிப்பையைக் காலடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஆறு டம்ளர், கொஞ்சம் வெந்நீர், ஒரு பேசின் வேணும் மேடம்" என்றேன்.

"எதுக்கு?"

"மூணு டம்ளர்ல என் தரமாதிரி மாத்திரை. மூணுல இவங்க வீட்டு மாத்திரை. எது எதுல இருக்குன்னு உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா போதும். எங்களை வெளியே அனுப்பிட்டு நீங்களே கரைச்சு வைங்க."

என்ன நினைத்தாரோ, செய்தார். நாங்கள் திரும்ப உள்ளே வந்தபோது ஆறு டம்ளர்களும் மேசை மேல் வரிசையாக இருந்தன. வரிசையைப் பார்த்ததும் இன்பராஜின் முதுகு நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தது. நான் ஆறிலும் நாக்கை விட்டுக் கலக்கினேன். ஆறிலும் நூறு.

"எல்லாம் ஒண்ணுதானே?" என்றார் தமயந்தி.

"இப்ப இவர் ருசி பாக்கட்டும் மேடம். மனைவி கொடுக்க வேண்டாம், அப்புறம் கண்ணைக் காட்டினாங்கன்னு பேச்சு வரும்."

யார் கொடுப்பது என்று தமயந்தி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அவரே எழுந்து வந்தார். ஒரு கையில் ஸ்பூன், மறு கையில் பேசினைப் பிடித்துக்கொண்டு அவர் குனிந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. முதல் டம்ளர். உர்ரென்ற சத்தத்தில் வாசலில் நின்ற காவலர் திரும்பிப் பார்த்தார். சுழற்றல், துப்பல்.

"ஒரே தோட்டம்" என்றார் இன்பராஜ்.

ஒவ்வொரு தடவையும் நடுவில் வெந்நீரில் வாய் கொப்பளித்தார். "ப்ளெண்ட்." "ப்ளெண்ட்." "ஒரே தோட்டம்." "ப்ளெண்ட்." ஆறாவதில் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "ஒரே தோட்டம்."

தமயந்தி தன் காகிதத்தைப் பார்த்தார். எங்களை மறுபடி வெளியே அனுப்பினார். வரிசையை மாற்றி வைத்து மறுபடி கொடுத்தார். இரண்டாம் தடவை அவர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்த விதத்திலேயே அத்தனையும் சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"விளக்குங்க" என்றார்.

"உங்க வீட்டு வாசல்ல நூறு செருப்பு கிடக்குதுன்னு வைங்க மேடம். கரண்டி அதை எண்ணும். நூறுன்னு சரியாச் சொல்லும். ஆனா எல்லாம் இடதா, பாதி இடது பாதி வலதான்னு அதுக்குத் தெரியாது. ஏன்னா எடையும் ஒண்ணு, தோலும் ஒண்ணு. இந்த நோய்க்காரங்க உடம்புல இருக்கறது இடது கால் மட்டும். நூறு செருப்பு கொடுத்தோம். ஐம்பதுதான் மாட்ட முடிஞ்சது."

"இது உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?"

"லெவோன்னா இடதுன்னு அர்த்தம் மேடம். மருந்தோட பேர்லயே இருக்கு. இரண்டாம் வருஷப் பாடம். பேரைச் சொல்லிச் சொல்லி அர்த்தம் போயிடுச்சு. என் தரமாதிரி செடியிலேருந்து வர்றது, செடி இடது மட்டும்தான் செய்யும். அதனால சோதனையில ஒரு நாளும் மாட்டலை."

"போன ஆடியில இதே கூடத்துல என் முன்னாடி சாட்சி சொன்னீங்க. நாக்கு பொய் சொல்லாதுன்னு."

"சொன்னேன்."

"சொல்லுச்சா?"

"இல்ல மேடம். அது எண்ணினது நிஜம். நான்தான் அது எண்ணாததையும் சேத்துச் சொன்னேன்."

தமயந்தி பேனாவை மேசையில் வைத்தார். போன ஆடியில் அவர் காப்பகத்துக்கு அனுப்பிய ஆளின் பெயர் எங்கள் இருவருக்கும் ஞாபகம் இருந்தது. இருவரும் அதைச் சொல்லவில்லை. பிறகு ரெஜினாவைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போகலாம்மா, ரெண்டு பேரும்" என்றார். ரெஜினா நன்றி சொல்லவில்லை. துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "ரெண்டு வருஷம் இவர் சொல்லிட்டிருந்தார்" என்று மட்டும் சொன்னார். அது புகார் மாதிரிகூட இல்லை.

ஒரு கல்லூரிப் பரணில் கிடந்த ஒளிக்குழாயைத் துடைத்து எடுத்து, அடுத்த வாரம் சோதித்தோம். அந்த மாத்திரைக் கரைசலில் வெளிச்சம் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. இடதும் வலதும் சரிக்குச் சரியாக ஒன்றையொன்று அடித்துவிட்டன. நான் வேலையை ராஜினாமா செய்து, நாற்பத்துமூன்று கோப்புகளையும் திறக்கச் சொல்லி வாரியத்துக்கு எழுதினேன். தேவகோட்டைக் கோப்பையும் சேர்த்து நாற்பத்துநான்கு என்று எழுதினேன். பிறகு பஸ் ஏறினேன்.

அக்கா முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. எதிரில் ஸ்டூல் கிடந்தது, உட்கார்ந்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்தது எல்லாம் மறந்துபோய், கரண்டி, செருப்பு, குன்னூர் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அத்தானுக்கு மருந்து பாதிதான் போயிருக்கிறது என்றேன். நீ கொடுத்தாய் அக்கா, முழுசாகக் கொடுத்தாய் என்றேன். அவள் கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது.

"யாரு கண்டுபுடிச்சா?" என்று கேட்டாள்.

"இன்பராஜுன்னு ஒருத்தர். டீ ருசி பாக்குற வேலையில இருந்தவர். மருந்து இனிக்குதுன்னு சொன்னார்."

"ஒனக்கு முன்னமே பழக்கமா?"

"இல்லக்கா. அன்னைக்குத்தான் பார்த்தேன்."

அவள் ஒரு காம்பை உருவி முடித்து, அடுத்ததை எடுத்தாள். "முன்னப்பின்ன தெரியாத ஒரு மனுசன் இனிக்குதுன்னு சொன்னாரு. நீ நம்பிட்ட. அதுக்கு முன்ன ஒரு கரண்டி நூறுன்னு சொல்லுச்சு. அதையும் நம்பிட்ட."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானுந்தான் சொன்னேன் தம்பி."

மன்னித்துவிடு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் சரி என்று சொல்லியாகவேண்டும். அந்தக் கஷ்டத்தையும் அவளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது.

அக்கா முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். "இரு. காப்பி போடுறேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம். சுவரில் அத்தானின் படம் இருந்தது, அதற்குக் கீழே சின்ன ஆணியில் அவர்கள் வீட்டு நாக்கு தொங்கியது. அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று விதி. அவள் கொடுக்கவில்லை.

டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். முன்னால் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"சீனி போட்டுருக்கேன். அளந்து பாக்கணும்னா கரண்டி அங்க தொங்குது."

குடித்தேன். பச்சைக் கசப்பு. துளிச் சீனி இல்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று அவள் முகத்திலிருந்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவள் அங்கேயே நின்றாள்.

"சரியா இருக்குக்கா" என்றேன்.

"அப்பச் சரி" என்று உட்கார்ந்து, முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் நிதானமாக, அடியில் நின்ற கடைசி வாய் வரைக்கும் குடித்தேன்.